வண்டி மருத்துவம்: ஹேண்ட்பிரேக் பிடிக்காத பிக்கப்

கேள்வி: அண்ணன், நான் ஒரு கட்டுமானப் பொருள் கம்பெனிக்கு பிக்கப் ஓட்டுகிறேன். ஏழு வருஷ வண்டி, பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட்பிரேக்கை உச்சி வரை இழுத்தாலும் சரிவில் வண்டி மெல்ல நகர்கிறது. போன வாரம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்துச் சரிவில் பின்னால் உருண்டே விட்டது, நல்லவேளை யாரும் இல்லை. வொர்க்‌ஷாப்பில் கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி இறுக்கினார்கள், மறுபடி அதே கதை. புது கேபிள் போடச் சொல்லலாமா?
- காக்கி புக்கிட் வாசகர்

பதில்: தம்பி, கேபிளுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். பிக்கப் என்றால் பின்னால் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், சாமான் இறக்குவார்கள். அவர்கள் நிற்கிற பக்கம்தான் வண்டி உருளும். முதலாளியிடம் வாயால் சொன்னது போதாது, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பிரேக் பழுது என்று தெரிந்தே ஓட்டினால் சட்டம் ஓட்டுநரையும் கேட்கும்.

கேபிளை இறுக்கி இறுக்கி ஏன் நிற்கவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி வொர்க்‌ஷாப்பில் இதைத்தான் செய்கிறார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற டிரம்முக்குள்ளே, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற இரண்டு ஷூ இருக்கின்றன. ஷூ மேல் இருக்கிற உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதைத் தானாகவே குறைக்கத்தான் நடுவில் பல் வைத்த சக்கரத்தோடு ஓர் அட்ஜஸ்டர் வைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் அது ரிவர்ஸில் பிரேக் மிதிக்கும்போது ஒவ்வொரு பல்லாக நகரும், சிலவற்றில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து விடும்போது. இந்த அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டால் இடைவெளி கூடிக்கொண்டே போகும், ஹேண்ட்பிரேக் லீவரும் மேலே மேலே வரும். அந்த நேரத்தில் கேபிளை இறுக்கினால் லீவர் கீழே வந்த மாதிரி தெரியும். ஆனால் டிரம்முக்குள் இருக்கிற சின்ன லீவர் இப்போது முழுசாகத் தன் இடத்துக்குத் திரும்பாது, ஷூவும் சரியாக உட்காராது, அட்ஜஸ்டர் அதற்கப்புறம் சுத்தமாக வேலை செய்யாது. லைனிங் இன்னும் தேயும், லீவர் மறுபடி மேலே வரும். உங்கள் வண்டிக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

சரக்கு வாகனம் என்பதால் சிங்கப்பூரில் வருஷா வருஷம் சோதனைக்குப் போகும், 10 வருஷம் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒரு தடவை. அங்கே உருளை மேல் ஏற்றி ஹேண்ட்பிரேக்கையும் சோதிப்பார்கள். அதற்கு முதல் நாள் கேபிளை இறுக்கிப் பாஸ் வாங்கிக்கொண்டு வருகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. சோதனை ஒரு நாள், சரிவு தினமும்.

சரி, எங்கே கோளாறு என்று பார்ப்பது எப்படி? சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் லீவரை ஒவ்வொரு கிளிக்காக இழுக்க, இன்னொருவர் இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் பிடித்து மற்றது தாராளமாகச் சுற்றினால், சுற்றுகிற பக்கத்துக் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்து டிரம்முக்குள் கோளாறு. இரண்டுமே கடைசி கிளிக்கில்தான் பிடிக்கிறது என்றால் இடைவெளி அதிகம், அட்ஜஸ்டரைப் பாருங்கள். லீவர் கல்லு மாதிரி இறுகிவிட்டது, சக்கரம் மட்டும் நிற்கவில்லை என்றால் லைனிங்கில் எண்ணெய் இருக்கலாம். லீவரைக் கீழே விட்ட பிறகும் சக்கரம் உரசிக்கொண்டே சுற்றினால் கேபிள் திரும்பி வரவில்லை, அப்போதுதான் புதுக் கேபிள். கேபிள் முனையில் கம்பி இழைகள் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

டிரம் வர மறுத்தால் சுத்தியலால் அடித்து நொறுக்க வேண்டாம். பல ஜப்பான் வண்டிகளில் டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கும். அதில் சரியான அளவு போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

உள்ளே ஈரம் தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் ஆக்சில் ஆயில், அதை வெளியே வராமல் தடுக்கிற சீல் போய்விட்டது. தண்ணியாக வழுக்கினால் பிரேக் ஆயில், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கினால் உள்ளே தேங்கியிருப்பதே தெரியும். ஆக்சில் சீலை மாற்றும்போது ஆக்சிலின் மேலே இருக்கிற பிரீதர் என்கிற காற்றுப்போக்கி அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். எண்ணெய் ஊறிய லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவுவது, உப்புத்தாளில் தேய்ப்பது எதுவும் வேண்டாம், ஊறினது வெளியே வராது. இரண்டு பக்கமும் சேர்த்தே புது ஷூ போடுங்கள். எண்ணெயே இல்லாவிட்டாலும் லைனிங் கனம் 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுவது நல்லது.

மாட்டும்போது வரிசை இதுதான். அட்ஜஸ்டரைக் கழற்றித் துரு நீக்கி, மரையில் சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். இடது வலது மாறக் கூடாது, மரை எதிரெதிர்த் திசையில் வெட்டியிருக்கும். கேபிளைத் தளர்த்தி வைத்துவிட்டு முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள்: டிரம் லேசாக உரசும் வரை பல் சக்கரத்தைத் திருப்பி, அப்புறம் சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்குச் சில பல் பின்னால் விடுங்கள். பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்து ஷூவை உட்கார வையுங்கள். கேபிளைக் கடைசியாகத் தொடுங்கள், வண்டியின் கையேட்டில் எத்தனை கிளிக் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மட்டும். லீவரைக் கீழே விட்டதும் இரண்டு சக்கரமும் உரசாமல் சுற்ற வேண்டும்.

இன்னொன்று, கியரில் போட்டு நிறுத்துகிறேன், ஹேண்ட்பிரேக் எதற்கு என்று அதைத் தொடாமலே விடாதீர்கள். இழுக்காத கேபிள் சீக்கிரம் இறுகிவிடும்.

கேள்வி: ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தேன். திறந்தவெளியில் நிறுத்தியிருந்த கேட்டரிங் வேன் நகரவே இல்லை, ஹேண்ட்பிரேக்கை விட்டும் பின்சக்கரம் சுற்றவில்லை. என்ன செய்வது?
- ஈசூன் வாசகி

பதில்: மழையும் ஈரமும் சேர்ந்து ஷூவை டிரம்மோடு துருவால் ஒட்ட வைத்திருக்கும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி மெல்ல அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ‘டக்’கென்று விட்டுவிடும். ஆக்சிலேட்டரை வேகமாக மிதித்து இழுக்காதீர்கள், லைனிங் பிய்ந்து வந்துவிடும். அசைத்தும் விடவில்லை என்றால் மெக்கானிக்கை வரவழையுங்கள், டிரம்மைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டி எடுப்பார். அடுத்த முறை சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல் போங்கள்.

கேள்வி: 14 அடி லாரியில் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டுவிட்டுப் பின் டயர் மாற்ற ஜாக்கி ஏற்றினோம். சக்கரம் தரையை விட்டதும் லாரி நகர ஆரம்பித்துவிட்டது. ஹேண்ட்பிரேக் பழுதா?
- துவாஸ் வாசகர்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி லாரிகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு டிரம்மாக இருக்கும். அது ஷாஃப்டை மட்டும்தான் பிடிக்கிறது, கியரும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியதும் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷியல் வழியாக அது ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்த் திசையில் உருண்டு லாரி கிளம்பிவிடும். அதனால் ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னாலேயே முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள், சரிவில் டயர் மாற்றவே மாற்றாதீர்கள். சமதளத்தில் நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போதே பிடிப்பு குறைவாக இருந்தால், கியர்பாக்ஸின் பின் சீல் கசிந்து அந்த டிரம்முக்குள் எண்ணெய் போகிறதா என்று அடியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.