கூலிக்கு ஆட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் ஓடுகிறது. ஊருக்குத் திரும்பி மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க நினைக்கிறேன். எங்கள் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) நன்றாக விளையும், அப்பாவும் அதைப் பயிரிட்டு விற்பவர்தான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 10 லட்சம் கடன் வாங்கலாம், 35 சதவீதம் மானியம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். திட்ட அறிக்கையும் அவரே தயாரித்துத் தருவாராம். நண்பன் ஒருவன் பங்குக்கு வருகிறேன் என்கிறான். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம வம்சத்துல யாரும் வியாபாரம் பண்ணதில்ல, நமக்கு அது வராது" என்கிறார். கெவின்கேர் நிறுவனர் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயில் தொடங்கித்தானே இவ்வளவு பெரிய நிறுவனத்தைக் கட்டினார் என்று நான் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? எண்ணெய்க்கு ஒரு நல்ல பெயரும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவிடம் பதில் இல்லாமல் போனதால் ரங்கநாதன் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன். இளைஞர்களுக்கான கூட்டம் எதுவானாலும் அந்த 15,000 ரூபாய் வந்துவிடுகிறது. தொகை உண்மைதான். 1983இல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்து, அந்தப் பணத்தில் சிக் ஷாம்பு தொடங்கினார். ஆனால் கடலூரில் அவர் வளர்ந்த வீட்டில் அப்பா சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அண்ணன்மார் வெல்வெட் ஷாம்புவை நடத்திக்கொண்டிருந்தார்கள். சரக்கு எப்படிக் கலப்பது, பாக்கெட்டுக்கு அடக்கம் எவ்வளவு, கடைக்காரர் எதற்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் அவர் சாப்பாட்டு வேளையில் காதில் விழுந்த விஷயங்கள். பின்னால் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எந்த கம்பெனி ஷாம்புவானாலும் ஐந்து காலி பாக்கெட்டைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச காலம் கழித்து, சிக் பாக்கெட்டாக இருந்தால் மட்டும் என்று மாற்றினார். கிராமத்துக் கடையில் யார் எப்படி வாங்குகிறார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் இது தோன்றும். கையில் 15,000 ரூபாய் மட்டும் இருந்தவருக்குத் தோன்றாது. கதை சொல்பவர்கள் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டுவிடுகிறார்கள்.

அதற்காக உங்கள் அப்பா சொல்வது சரி என்று ஆகிவிடாது. வியாபாரம் ரத்தத்தில் ஓடுவதாக நாம் நினைக்கும் சமூகங்கள் அதை ரத்தத்திடம் விட்டுவைத்ததே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் சிறு பையன்களைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற்றினார்கள். கடையைக் கூட்டி, தண்ணீர் எடுத்துவைத்து, பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வர முடியும். திருப்பூரை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் பவர் டேபிள் தையல் மெஷினிலும் நின்று தொழிலைக் கண்ணால் படித்து, நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, பிறகு முதலாளியானவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் வம்சத்திலும் யாரும் பனியன் தைத்ததில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். 10 லட்சம் இருக்கிறது, மானியம் இருக்கிறது, அறிக்கை எழுத ஆள் இருக்கிறது, பங்காளி இருக்கிறார், பெயர் கூட வந்துவிடும் போலிருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோ பருப்பு வேண்டும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தக் கணக்கை இப்போது போடுவோம். விலைகளெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ மல்லாட்டைப் பருப்பு போகும். கிலோ 120 என்றால் 300 ரூபாய். மிஞ்சும் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ என்று வையுங்கள். மாட்டுக்காரர்கள் கிலோ 40க்கு எடுத்தால் 60 ரூபாய் திரும்பி வரும். நிற்பது 240. ஆட்டுக்கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய் என்றால் 25. பாட்டில், மூடி, லேபிள் 15. வண்டிச் செலவு 5. ஆக 285 ரூபாய் அடக்கம்.

லிட்டர் 340 என்று வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் 55 ரூபாய் நிற்கும். மளிகைக் கடையில் வைத்தால் கடைக்காரருக்கு 40 ரூபாயாவது விட வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவது 15.

இப்போது பருப்பைக் கொஞ்சம் கவனிப்போம். சரியாகக் காயாததையோ, சுருங்கினதும் சொத்தையும் கலந்ததையோ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால் இரண்டரைக் கிலோ போதாது. 2.7 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 200 கிராமுக்கு 24 ரூபாய், கூலி 2 ரூபாய். புண்ணாக்கில் 8 ரூபாய் திரும்பி வந்தாலும் 18 ரூபாய் நஷ்டம். கடையில் விற்றுக் கிடைக்கும் 15 ரூபாயும் போய், கைக்காசும் மூன்று ரூபாய் போய்விட்டது. ஆக இந்தத் தொழிலில் லாபம் பருப்பு வாங்கும் இடத்தில் இருக்கிறது. கையால் அள்ளிப் பார்த்து, நாலு பருப்பைக் கடித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டிய பருப்பில் பூஞ்சை வரும், அதிலிருந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும். எண்ணெயைத் தெளியவைத்து விற்கும் மரச்செக்கில் அதை நீக்க வழி கிடையாது. செக்கு என்ன மரம், வாகையா வேறா என்று பேசுகிற அளவுக்குப் பருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இந்த விஷயத்தில் உங்களுக்குக் கொடுப்பினை உண்டு. மல்லாட்டை ரகங்களில் டி.எம்.வி. என்று தொடங்குபவை உங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. அங்கே போய், எந்த ரகத்தில் எண்ணெய்ச் சத்து எவ்வளவு என்று கேளுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் நடக்கும் நாளில் போய்ச் சும்மா நில்லுங்கள். உங்கள் அப்பா இத்தனை வருஷம் மல்லாட்டை விற்றவர். வியாபாரி எதைக் காட்டி விலையைக் குறைப்பான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. வியாபாரம் வராது என்று சொல்லும் அவரிடம்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம் இருக்கிறது.

அடுத்து கடன். 10 லட்ச ரூபாய்த் திட்டம், கிராமப்புறம், நீங்கள் சிறப்புப் பிரிவில் (பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் போன்றோர்) வருகிறீர்கள் என்றால் மானியம் 35 சதவீதம்தான். கைக்காசு 5 சதவீதம், அதாவது 50,000. மீதி ஒன்பதரை லட்சத்தை வங்கி கடனாகக் கொடுக்கும். ஆனால் மானியமான மூன்றரை லட்சம் உங்கள் கையில் வராது. வங்கியிலேயே உங்கள் பெயரில் வைப்பாக மூன்று வருஷம் கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். இடையில் மூடிவிட்டால் அதுவும் கிடையாது. வைப்பில் கிடக்கும் தொகை அளவுக்கான கடனுக்கு உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள் என்பது உண்மை, வைப்புக்கும் வட்டி வராது. மிச்சம் ஆறு லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதம் சுமார் 13,000 ரூபாய் தவணை.

இதை லிட்டராக மாற்றிப் பாருங்கள். கடைக்கு விற்று லிட்டருக்கு 15 ரூபாய் பார்ப்பவர், தவணைக்காக மட்டும் மாதம் 860 லிட்டருக்கு மேல் விற்க வேண்டும். வீட்டுக்கு நேராக விற்பவருக்கு 240 லிட்டர் போதும். சொந்தச் செக்கு வந்தால் ஆட்டுக்கூலி 25 மிச்சமாகுமே என்பீர்கள். அதில் கரண்ட், ஆள் சம்பளம், இடத்து வாடகை எல்லாம் போக என்ன நிற்கிறது என்பது செக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஓடாத செக்குக்கும் தவணை உண்டு.

திட்டம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில் நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள். மானியம் 10 லட்சத்துக்கு என்பதால் தொழிலை 10 லட்சத்துக்கு வளர்த்து எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அறிக்கை எழுதித் தரும் தெரிந்தவர் ஒருவர் உங்களுக்கும் இருக்கிறாரே, அந்த மாதிரி ஆட்கள் மாதம் 2,000 லிட்டர் விற்பனை என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். அந்த 2,000 லிட்டரையும் யார் வாங்குவார்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? வேலையை விடாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் செக்கு கட்டாயம் இருக்கும். ஒரு மூட்டை பருப்பு வாங்கி, வாரவிடுமுறையில் அங்கே கொண்டுபோய் ஆட்டுங்கள். ஆட்டும்போது விலகிப் போய் டீ குடிக்காமல் கூடவே நில்லுங்கள். எத்தனை நிமிஷம், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு புண்ணாக்கு என்று எழுதுங்கள். வெயிலில் தெளியவைத்து, கசடு எவ்வளவு அடியில் தங்குகிறது என்று பாருங்கள். ஒரகடத்தில் உங்களோடு வேலை பார்ப்பவர்கள், அவர்களுடைய வீட்டு உரிமையாளர்கள், ஊரில் ஆசிரியர் வீடுகள் என்று முதல் சரக்கு போய்விடும். அது கணக்கில் வராது. தெரிந்தவர்கள் முகத்துக்காக ஒரு தடவை வாங்குவார்கள். நீங்கள் கேட்காமல் இரண்டாம் தடவை யார் வாங்குகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்த எண்ணிக்கை அறுபது வீட்டைத் தாண்டட்டும். வீட்டுக்கு மாதம் நாலு லிட்டர் என்றால் மேலே சொன்ன 240 லிட்டர் வந்துவிடும். அன்றைக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். இப்போதைய விதிகளையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். இடைத்தரகர் தேவையே இல்லை.

அதற்கு முன் மளிகைக் கடைகளுக்குப் போகாதீர்கள். மார்ஜின் குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம், அங்கே பில்லுக்குப் பில்தான். இந்தச் சரக்கை இறக்கும்போது போன சரக்குக்குக் காசு தருவார்கள். இருபது கடையில் பத்துப் பத்து லிட்டர் வைத்தால் 60,000 ரூபாய் மார்க்கெட்டில் நிற்கும். லாபக் கணக்கு சரியாக இருந்தும் அடுத்த மூட்டைக்குக் காசில்லாமல் முழிப்பீர்கள். போதாக்குறைக்கு, பக்கத்து அலமாரியில் சூரியகாந்தி எண்ணெய் உங்கள் விலையில் பாதிக்கு இருக்கும். அதன் விலை உங்கள் ஊர் மழையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி வரியை உயர்த்தியது, 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது. டெல்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் உங்கள் வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகக்கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பதிவு விஷயங்கள் பெரிய தலைவலி இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, பொட்டலமிடுவதற்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பதிவு. சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது என்பது விதி, அடைத்துத்தான் விற்க வேண்டும். லேபிளில் அளவு, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் வேண்டும். ஜிஎஸ்டி வருஷத்துக்கு 40 லட்சம் விற்பனை வரை கட்டாயமில்லை, ஆனால் பெங்களூரு மாதிரி வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் அந்த வரம்பு செல்லாது.

நண்பரைப் பற்றி ஒன்றே ஒன்று. பணம் யார் எவ்வளவு போடுவது என்பதைப் பேசியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மூட்டை தூக்க யார் வருவது என்பதைப் பேசினீர்களா? நாலு மாதம் கூலிக்கு ஆட்டுவதற்கு அவரையும் கூட்டிப் போங்கள். அதன் பிறகும் பங்குக்கு நிற்கிறார் என்றால் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் இப்போது வேண்டாம். பங்குனி சித்திரையில் புது மல்லாட்டை வந்து விலை இறங்கும்போது முதல் மூட்டையை வாங்குங்கள், அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு. மேலே நான் போட்ட கணக்கை உங்கள் ஊர் விலையில் திருத்தி எனக்கு அனுப்புங்கள். ஆட்டுக்கூலியும் புண்ணாக்கு விலையும் அங்கே எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.