திரைக்கு வெளியே ஒரு வெட்டுப்புள்ளி

அன்புள்ள ஐயா,

உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் பயன்படுத்துவதற்காக இணையக் கருவிகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ், வினாடி வினா செயலிகள், காணொளிப் பாடங்கள் என்று ஒன்றைத் திறந்தால் இன்னொன்று வந்து நிற்கிறது. ஒரு நாள் புரொஜெக்டரில் ஜியோஜீப்ராவைப் போட்டு வட்டத் தேற்றங்களைக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த வாரத் தேர்வில் அந்தத் தேற்றத்தை ஒருவரும் சரியாக எழுதவில்லை. கணக்கு அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது, அதைச் சுவாரசியமாக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறேன். வீட்டுப்பாடத்தை போனில் படம்பிடித்து விடை எடுத்துவிடுகிறார்கள். சக ஆசிரியர்களோ, கையால் போடும் பழக்கமே போய்விடும் என்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் அந்தக் கைதட்டல்தான் என்னை நிறுத்தியது. கண்ணெதிரே அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்று ஏன் ஒரு வாரம்கூட மனதில் தங்குவதில்லை என்று நானும் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மௌஸ் யார் கையில் இருந்தது? உங்கள் கையில். புள்ளியை நகர்த்தியது நீங்கள், எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தது நீங்கள், கோணம் மாறவில்லை என்று சுட்டிக்காட்டியதும் நீங்களாகத்தான் இருக்கும். பிள்ளைகள் செய்வதற்குக் கைதட்டல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவர்கள் அதைக் குறைவில்லாமல் செய்தார்கள்.

ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்பதையே எடுத்துக்கொள்வோம். நாண் இருக்கிறது, வில்லின் மேல் ஒரு புள்ளி இருக்கிறது, கோணம் 50 பாகை. நகர்த்துவதற்கு முன்னால் கேளுங்கள்: இந்தப் புள்ளி நாணின் முனைக்குப் பக்கத்தில் போனால் கோணம் கூடுமா, குறையுமா? எல்லோரும் நோட்டில் எழுதும்வரை மௌஸைத் தொடாதீர்கள். கூடும் என்று சிலர், குறையும் என்று சிலர் எழுதுவார்கள். அப்படியே இருக்கும் என்று எழுத அநேகமாக ஆள் இருக்காது. அதற்குப் பிறகு ஒரு மாணவியை அழைத்து நகர்த்தச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளைக்கு அந்த மாறாத 50 ஒரு அதிர்ச்சி. அவள் இன்னும் இழுத்துக்கொண்டே போய் நாணின் மறுபக்கத்து வில்லில் புள்ளியைக் கொண்டு நிறுத்தினால் கோணம் 130 ஆகிவிடும். 'ஏன் சார்?' என்ற கேள்வி அங்கே பிறக்கும். உங்கள் அடுத்த பாடமான வட்ட நாற்கரம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

'சுவாரசியமாக்க' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மன்னியுங்கள். கணக்குக்கு இயல்பாக ருசி கிடையாது, வெளியிலிருந்து நாம்தான் ஊட்ட வேண்டும் என்று கணித ஆசிரியரே நம்பினால் பிள்ளைகள் வேறு எதை நம்புவார்கள்? நீங்கள் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்த காலத்தில் யாரும் உங்களுக்கு அதைச் சுவாரசியமாக்கித் தரவில்லை. ஏதோ ஒரு கணக்கு உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். அதைத்தான் அவர்களுக்கும் தர வேண்டும்.

எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியரிடம் கரும்பலகையும் மர ஸ்கேலும்தான் இருந்தன. ஒரு நாள் பரப்பளவு 12 உள்ள செவ்வகங்களை எடுத்துக்கொண்டார். அகலம் 1 என்றால் நீளம் 12, அகலம் 2 என்றால் நீளம் 6. இரண்டு புள்ளிகளையும் பலகையில் வைத்துவிட்டு, சாக்பீஸை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். "அடுத்தது எங்கேடா வரும்?" முதல் பெஞ்சுக்காரன் ஒருவன், ஆறு ஆறாகக் குறைகிறது, ஆகவே பூஜ்யம் என்றான். அவர் திருத்தவில்லை. அவன் சொன்ன இடத்தில், அச்சின் மேலேயே, சின்னதாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் அவன் பெயரின் முதலெழுத்தை எழுதினார். பிறகு அவனிடமே, "அகலம் 3, நீளம் பூஜ்யம். பரப்பளவு 12. வரைந்து காட்டு" என்றார். அவன் பலகை வரை வந்து, கையை உயர்த்தி, அப்படியே நின்றுவிட்டான். சரியான புள்ளி 4-இல் விழுந்தபோது அவனுடைய வட்டத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. வளைகோடு என்றால் என்ன என்று வகுப்பு முழுவதும் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டது.

அந்த வட்டத்தைப் போடத்தான் உங்கள் கருவிகளில் இடம் இல்லை. பிள்ளை நினைப்பதற்கு முன்னாலேயே கோடு வந்துவிடுகிறது. ஆகவே அந்த இடத்தை நீங்கள் உண்டாக்கித் தர வேண்டும். ஊகத்தைத் தாளில் எழுதட்டும், பிறகு திரையைத் திறக்கட்டும். நான் சொல்வது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

உங்கள் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்து ஒரு கணக்கு தருகிறேன். எந்த எண்ணின் வர்க்கம், 2-ஐ அதே எண்ணால் அடுக்கேற்றினால் கிடைப்பதற்குச் சமம்? முதலில் கையால் அட்டவணை போடச் சொல்லுங்கள். 1-க்கு வர்க்கம் 1, அடுக்கு 2. ஒத்துவரவில்லை. 2-க்கு 4, 4. 3-க்கு 9, 8. 4-க்கு 16, 16. 5-க்கு 25, 32. ஆக, விடைகள் 2, 4. பிள்ளைகள் திருப்தியாகப் பேனாவை மூடிவிடுவார்கள்.

இப்போது டெஸ்மோஸைத் திறந்து இரண்டு வளைகோடுகளையும் வரையச் சொல்லுங்கள். அகன்ற திரையில் அவை இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று 2. இன்னொன்று 4 அல்ல! பூஜ்யத்துக்கு இடப்பக்கம், ஏறக்குறைய -0.77. திறந்ததும் வரும் திரை எக்ஸ் அச்சில் சுமாராக -10 முதல் 10 வரைதான் காட்டும், ஒய் அச்சிலோ அதையும்விடக் குறைவு. 4-இல் வெட்டும் இடம் 16 உயரத்தில், திரைக்கு வெளியே இருக்கிறது. கையால் போட்டவர் எதிர்மறை எண்ணைத் தவறவிட்டார், திரையைப் பார்த்தவர் 4-ஐத் தவறவிட்டார். இரண்டையும் செய்தவரிடம்தான் மூன்று விடைகளும் இருக்கின்றன. கையா, கருவியா என்று ஓய்வறையில் நடக்கும் சண்டையை இந்த ஒரு கணக்கைக் கொண்டு முடித்துவைக்கலாம்.

ஆனால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். நான்காவது விடை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகள் திரையைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார்கள், இன்னும் தள்ளிப் போவார்கள். எவ்வளவு தள்ளிப் போனாலும் அதற்கு அப்பால் ஒரு வெளி மிச்சம் இருக்கும். அங்கே கருவி கைவிட்டுவிடும், வாதம்தான் வேண்டும். பூஜ்யத்திலிருந்து இடப்பக்கம் போகப் போக வர்க்கம் ஏறுகிறது, அடுக்கு இறங்குகிறது. ஒரு முறை கடந்தபின் மறுபடி சந்திக்க வழியில்லை. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். வலப்பக்கம்? ஒவ்வொரு படி போகும்போதும் அடுக்கு இருமடங்காகிறது. 4-இலிருந்து 5-க்குப் போகையில் வர்க்கம் 16-இலிருந்து 25 ஆகிறது, அது இருமடங்குகூட இல்லை. அடுத்து 36, 49. பெருகும் விகிதம் மேலும் மேலும் குறைகிறது. பின்தங்கியது பின்தங்கியதுதான். முழு எண்களுக்கு இவ்வளவு போதும், நடுவில் உள்ள எண்களுக்கு மேல் வகுப்பில் வழி இருக்கிறது. நிரூபணம் எதற்கு என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டிருப்பார்கள். இதைக் காட்டுங்கள்.

உங்கள் மற்ற கேள்விகள். ஜியோஜீப்ரா, 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. டெஸ்மோஸ் 2011-இல் வந்தது. வடிவியலுக்கு முன்னது, வளைகோடுகளுக்குப் பின்னது. இந்த இரண்டும் உங்களுக்குத் தாராளமாகப் போதும். காணொளிகள், வகுப்புக்கு வரமுடியாமல் போன பிள்ளைக்கு உதவும், வகுப்பில் வேண்டாம். வேகத்துக்கு மதிப்பெண் தரும் வினாடி வினாக்களை விட்டுவிடுங்கள். மெதுவாக யோசிக்கிற பிள்ளையை அவை நாலு பேர் முன்னால் கடைசி இடத்தில் நிறுத்துகின்றன. அந்தப் பிள்ளைதான் நான்காவது விடை இருக்கிறதா என்று கேட்கப்போகிறவள்.

படம்பிடித்து விடை எடுப்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கணக்கைப் படம்பிடித்தால் விடை தரும் போட்டோமேத் செயலி 2014-இலேயே வந்துவிட்டது, இனி அது இல்லாத காலம் திரும்பாது. தீர்க்கச் சொல்லாமல் உண்டாக்கச் சொல்லுங்கள். 3, -5 ஆகியவற்றை மூலங்களாகக் கொண்ட இருபடிச் சமன்பாடுகள் மூன்று எழுது, அவற்றின் வரைபடங்கள் எதில் ஒத்துப்போகின்றன, எதில் வேறுபடுகின்றன என்று சொல். மூன்றையும் பிள்ளை வரைந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். எதைப் படம்பிடிப்பது என்று தெரியாமல் போன் கொஞ்ச நேரம் கீழே இருக்கும்.

வட்டப் பாடத்தை மறுபடி எடுக்கும்போது, மௌஸை நகர்த்துவதற்கு முன் பிள்ளைகள் நோட்டில் எழுதிய ஊகங்களை எனக்கு அனுப்புங்கள். சரியானவை வேண்டாம், தவறானவை மட்டும். எந்தப் பிள்ளை எதனால் அப்படி நினைத்தது என்று நீங்கள் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.