ஏற்காட்டில் முதல் பாம்பு: கார்ன் ஸ்னேக்கா, பால் பைத்தானா?

முதன்முதலாக வளர்க்க எந்தப் பாம்பு வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்: வட அமெரிக்காவின் நஞ்சற்ற கார்ன் ஸ்னேக்கா (corn snake), ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பான பால் பைத்தானா (ball python)? கார்ன் ஸ்னேக்கே எடுங்கள். காப்பித் தோட்டத்தில் பிடித்த மண்ணுளிப் பாம்பை வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம், இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்; அதை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சாரைப் பாம்பும் அப்படித்தான்.

நீங்கள் சொன்னபடி உங்கள் நண்பரின் பால் பைத்தான் இரை தொடாததற்கு அநேகமாக ஏற்காட்டுக் குளிர்தான் காரணம், சேலத்தில் இவ்வளவு தெரியாது. விடியற்காலையில் பெட்டியின் சூடான பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 31 டிகிரியாவது வேண்டும். கார்ன் ஸ்னேக் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும்.

ஆனால் கார்ன் ஸ்னேக் குட்டி விரல் நுழையாத இடுக்கிலும் நழுவிவிடும், மூடிக்குக் கொக்கி போடுங்கள். அப்புறம், உறைய வைத்த எலி வீட்டு ஃப்ரீசரில்தான் இருக்கும், அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் பைத்தான்தான் வேண்டுமென்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு கட்டாயம்.