மிஸ் ஷெஃபாலி முதல் மும்பை பார் வரை: கேள்வி பதில்

மாட்டுங்கா வாசகி: மிஸ் ஷெஃபாலி யார், சார்?

இயற்பெயர் ஆரத்தி தாஸ். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாகக் கல்கத்தா வந்த குடும்பம். ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் வேலைக்குப் போன சிறுமி, அங்கே நடந்த விருந்துகளில் ஆடியவர்களைப் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றாள். கல்கத்தாவின் சௌரங்கி சாலையிலிருந்த ஃபிர்போஸ் உணவகத்தின் மேடையில் ஏறியபோதும் சிறுமிதான். அதுவரை ஆங்கிலோ இந்தியப் பெண்களும் வெளிநாட்டவரும் ஆடிய காபரே, அதாவது இரவு விடுதி நடன மேடை அது. ஒரு வங்காளிப் பெண் அங்கே ஆடுவதை ஊர் வேடிக்கை பார்த்தது, ஏசவும் செய்தது. அவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. 2020 பிப்ரவரியில் காலமானார்.

செம்பூர்: ஹெலனுக்குப் போட்டியாக இருந்தாரா?

ஹெலன் சினிமா நடனக்காரி, அதுவும் இந்த மும்பையின் இந்தி சினிமா. ஷெஃபாலி கல்கத்தாவில் இரவு விடுதி மேடையில் தினமும் நேரில் ஆடியவர். தயவுசெய்து இருவரையும் குழப்பாதீர்கள்.

முலுண்ட்: ஹெலன் மாதிரிதானே இவரும்?

மேலே சொல்லிவிட்டேன்.

தாராவி: அண்ணே, எங்க மாமா சம்பளம் முழுக்க டான்ஸ் பாரில் போச்சு. 2005இல் தடை போட்டது நல்லதுதானே?

உங்கள் அத்தை பட்ட பாடு எனக்குப் புரிகிறது, தம்பி. ஆனால் பெண்கள் வாடிக்கையாளர் முன் ஆடும் அந்த மது பார்களைத் தடுத்த மகாராஷ்டிரச் சட்டத்தைப் பாருங்கள். பீர் பாரில் ஆடினால் குற்றம். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டலில் ஆடினால் குற்றமில்லை! பார்க்கிறவன் பணக்காரன் என்றால் அதே ஆட்டம் கௌரவமாகிவிடுமா? 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ரத்து செய்தது, 2013இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேலை போன பெண்களில் பலர் வேறு வழியில்லாமல் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதைத் தீர்ப்பே சொல்கிறது.

தாராவி: அப்போ குடும்பம் நாசமானால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தைத் தொலைத்தது மாமா. வேலையை இழந்தது அந்தப் பெண். அவளுக்கும் ஊரில் அம்மா, தம்பி, தங்கை இருந்தார்கள். இரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.

சயான்: டான்ஸ் பார் லைசென்ஸ் எப்படி வாங்குவது?

டான்ஸ் பார் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்புக்கு அப்புறமும் நிபந்தனைகள் உண்டு. வக்கீலைக் கேளுங்கள்.

அந்தேரி: ஷெஃபாலிக்கும் பெரிய நடிகர்களுக்கும்...

கிசுகிசுவுக்கு இங்கே பதில் கிடையாது.

செம்பூர் அக்கா: மக்கள் மனசு மாறியிருக்கிறதா?

பாதி மாறியிருக்கிறது. 2009இல் ஹெலனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் நடக்கும் சங்கீத் என்ற ஆட்டம் பாட்டு விழாவில் மருமகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினால் மாமியார் கைதட்டுகிறார். அதே ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடுகிறவளுக்கு இன்னும் வாடகைக்கு வீடு தர யோசிக்கிறோம், அக்கா.

பாண்டுப்: ஷெஃபாலியைப் பார்க்க எந்தப் படம்?

சத்யஜித் ராயின் ‘சீமாபத்தா’, 1971. காபரே ஆட்டக்காரியாகவே வருகிறார். முந்தைய வருடத்து ‘பிரதித்வந்தி’யில் நர்ஸ்.