ஒரே மாதத்தில் நான்கு விசேஷம், கையில் 20,000: யாருக்கு எவ்வளவு?

அக்கா மகள் காதுகுத்துக்கு 12,000 ஒதுக்குங்கள். பெரியப்பா மகன் கல்யாண மொய் 5,001, ஆபீஸ் நண்பர் வீட்டு விசேஷத்துக்கு 1,001, பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஆயிரத்துக்குள் ஒரு எவர்சில்வர் பாத்திரம். மிச்சம் பஸ், ஆட்டோவுக்கு.

நான்கு விசேஷத்துக்கும் தலா 5,000 என்று சமமாகப் பிரித்தால் கணக்கு இடிக்கும். காதுகுத்தில் நீங்கள் விருந்தாளி இல்லை, தாய்மாமன். குழந்தை உட்காருவது உங்கள் மடியில். தோடு, துணி, பழத்தட்டு எல்லாம் உங்கள் சீர். நண்பரோ நீங்கள் வந்தாலே சந்தோஷப்படுவார்.

தோட்டுக்குக் கடையில் “எத்தனை கிராம்?” என்று ஆரம்பிக்காதீர்கள். செய்கூலி, சேதாரம், 3% ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 9,000-க்குள் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் இங்கேதான். திருகாணி குழந்தைக் காதைக் குத்தாமல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

5,001 தோராயம்தான். அம்மாவிடம் உங்கள் வீட்டு மொய் நோட்டை வாங்கிப் பெரியப்பா பெயரைத் தேடுங்கள். உதாரணமாக, 2012-ல் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் 2,001 எழுதியிருந்தால் 5,001 கௌரவம். 5,001-ஏ எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. பாத்திரத்தை 500-க்குள் முடித்து இங்கே கூட்டுங்கள்.

ஒன்று: மதுரை, தேனிப் பக்கம் என்றால் கூடுதலாக வைப்பது அவர்களுக்குப் புது மொய், திருப்பிச் செய்ய வேண்டிய கடன். பத்திரிகையில் ‘அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்று போட்டிருந்தால் கவரை நீட்டாதீர்கள்.