ஆசிரியர் மறுத்தார், மாணவர் ஏற்றார்

அன்புள்ள ஐயா,

இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் அபூ ஹனீஃபா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆட்சித் தலைவரான கலீஃபாவே கூப்பிட்டும் காஜி (நீதிபதி) பதவி வேண்டாம் என்றவர் அவர். அவருடைய மாணவர் அபூ யூசுஃபோ அதே அப்பாசிய அரசில் தலைமைக் காஜியாகவே உட்கார்ந்துவிட்டார். இது குருதுரோகம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குருதுரோகம் என்பது பெரிய வார்த்தை.

அபூ ஹனீஃபா இராக்கின் கூஃபா நகரத்தில் பட்டு வியாபாரம் செய்தவர். அரண்மனைச் சம்பளத்தை நம்பி அவர் இல்லை. "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று அவர் சொல்ல, கலீஃபா மன்சூர் "பொய் சொல்கிறீர்" என்றாராம். "பொய்யனை எப்படி காஜியாக்குவீர்கள்?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காத கதை. ஆனால் அந்த மறுப்புக்காக அவர் சிறைக்குப் போனார் என்றும் சொல்கிறார்கள். 767இல் பாக்தாதில் இறந்தார்.

அபூ யூசுஃப் ஏழை வீட்டுப் பிள்ளை. படித்தது போதும், வேலைக்குப் போ என்று வீட்டில் நெருக்கியபோது பணம் கொடுத்துப் படிக்கவைத்தவரே அபூ ஹனீஃபாதான் என்பார்கள். பிறகு இவர் பல விஷயங்களில் ஆசிரியரோடு மாறுபட்டார். அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி சட்டநூல்கள் இருவர் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகின்றன. அங்கே யாருக்கும் அது உறுத்தவில்லை.

சரி, பதவியில் உட்கார்ந்து என்ன செய்தார்? பின்னாளில் கலீஃபாவான ஹாரூன் ரஷீத் கேட்டதற்காக 'கிதாபுல் கராஜ்' எழுதினார். பெயருக்கு வரிநூல். வரி பாக்கிக்காக ஆளை அடிக்காதே, வெயிலில் நிறுத்தாதே என்று கலீஃபாவுக்கே சொல்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது கைதிகள் பற்றிய பகுதி. அவர்களைச் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க அனுப்பும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்தச் சொல்கிறார். சாப்பாட்டுக்கு மாதம் 10 திர்ஹம் (வெள்ளிக்காசு), குளிருக்குச் சட்டையும் போர்வையும், கோடைக்குச் சட்டையும் வேட்டியும். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்கள் அமுக்கிவிடுவார்கள், காசாகவே கொடுங்கள் என்கிறார். உள்ளே நடப்பது தெரியாமல் இப்படி எழுத முடியுமா?

நம்பிக்கையான ஓர் ஆள் கைதிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காசை அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்.