ஒரே பேனாவில் இரண்டு வருட மினிட்ஸ்

கல்லூரியில் ஐ.க்யூ.ஏ.சி., அதாவது கல்லூரிக்குள்ளேயே தரத்தைக் கவனிக்கும் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்பதால், பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் கல்லூரி, பள்ளித் தரம் பற்றிய கேள்விகள் எனக்கு வருகின்றன. இந்த முறை ஐந்து.

கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஐ.க்யூ.ஏ.சி.யில் போட்டுவிட்டார்கள். போட்டோவுக்கு ஜியோடேக் (எடுத்த இடத்தைப் பதிவது), எக்ஸெல் நிரப்புவது, இதுதான் வேலை. இதற்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? (காட்பாடி)

நிரப்பி அனுப்பிவிட்டு மூடிவைத்தால் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் அமைப்பின் குழு வந்துபோன பிறகு அடுத்த ஐந்து வருடம் கல்லூரி தூங்கிவிடக் கூடாது என்றுதான் இந்தப் பிரிவை வைக்கச் சொன்னார்கள். வருடா வருடம் ஏ.க்யூ.ஏ.ஆர். என்ற தர அறிக்கை கேட்பதும் அதற்காகத்தான். அனுப்புவதற்கு முன் அந்த எக்ஸெல்லை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நான் இருந்தபோது வருகைப் பதிவை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். ஒரு வகுப்பில் தினமும் முதல் மணியில் அதே பதினோரு பெண்கள் ஆப்சென்ட். இரண்டாம் மணியில் எல்லோரும் இருக்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று துறைத்தலைவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். கூப்பிட்டு விசாரித்தால் அத்தனை பேரும் பேரணாம்பட்டுப் பக்கம். குடியாத்தத்தில் பஸ் மாற வேண்டும். இவர்கள் பஸ் வந்து சேர்வதற்குள் வேலூர் பஸ் கிளம்பிவிடும். முதல் மணியில் இருந்தது கணக்கியல். அதையும் நூலக மணியையும் இடம் மாற்றினோம், அவ்வளவுதான். செலவு ஒரு பைசா இல்லை. அந்தப் பருவத்தில் கணக்கியல் அரியர் குறைந்தது. நாக் அறிக்கையில் 'பெஸ்ட் பிராக்டிஸ்' (சிறந்த நடைமுறை) என்று எல்லாக் கல்லூரியும் மரக்கன்று நடுவதையே எழுதுகிறது. நாங்கள் இதை எழுதினோம்.

நாக்கிலிருந்து பியர் டீம் (ஆய்வுக் குழு) வரப்போகிறது. நடக்காத ஐ.க்யூ.ஏ.சி. கூட்டங்களுக்கும் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

எழுதாதீர்கள். ஒரு கல்லூரிக்கு ஒத்திகை ஆய்வுக்குப் போயிருந்தேன். இரண்டு வருட மினிட்ஸ் புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. எட்டுக் கூட்டம், ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து, ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் ஒரு கூட்டம் மாட்டுப் பொங்கலன்று நடந்திருக்கிறது! மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும் என்பது விதி. வருடத்தில் நான்கு நடக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் நடந்தது என்றால் இரண்டு என்றே காட்டுங்கள். மதிப்பெண் கொஞ்சம் குறையும். பொய் என்று தெரிந்தால் மற்ற கோப்புகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாணவர் பிரதிநிதியாக என்னை ஐ.க்யூ.ஏ.சி. குழுவில் சேர்த்திருக்கிறார்கள். பேசலாமா, சும்மா உட்கார்ந்துவிட்டு வரவா? (குடியாத்தம்)

பேசுங்கள் தம்பி. உள்ளூர்ப் பிரமுகர், முன்னாள் மாணவர், வேலை கொடுப்பவர் வரிசையில் உங்களுக்கும் அங்கே ஒரு இடம் உண்டு. ஆனால் 'வசதி சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் 'கவனிக்கிறோம்' என்பார்கள், கூட்டம் முடிந்துவிடும். 'மாடி அறையில் ஆறு ஃபேனில் இரண்டுதான் ஓடுகிறது, ஏப்ரலில் மதியம் அங்கே உட்கார முடியவில்லை' என்று சொல்லுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். சொன்னது மினிட்ஸில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள்.

கல்லூரிக்கு நாக் கொடுத்த தரத்தில் ஏ, ஏ பிளஸ் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமா? மகளை எங்கே சேர்ப்பது என்று குழப்பம். (ஆற்காடு)

நான்குக்கு 3.01 முதல் 3.25 வரை ஏ, 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ். அந்த நூலிழையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த வருடம் வாங்கியது என்று பாருங்கள். அப்புறம், சேரப்போகும் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். கூட்டம் என்று கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். நான் அதிகம் படித்தவளும் இல்லை. (அணைக்கட்டு)

அம்மா, படிப்பு இதற்குத் தடையே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. அடுத்த முறை கையெழுத்துப் போடுமுன், 'சார், தீர்மானத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்' என்று கேளுங்கள். சண்டை மாதிரி வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். படித்துக் காட்டிய பிறகு போடுங்கள்.